துவர்ப்பு எங்கே போனது? பழைய போர்தோ ஒயினைச் சுவைக்க ஓர் அறிமுகம்

பழைய போர்தோ ஒயினை முதன்முதலாகக் குடித்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பாரிஸை ஒட்டிய ஒரு புறநகரில், குளிர்கால இரவொன்றில், தெரிந்த அண்ணை ஒருவர் வீட்டில் நடந்தது இது. யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருடத்துக்கும் மேலாகப் பிரெஞ்சு உணவகங்களின் சமையற்கட்டில் நின்றவர். மேசையில் இரண்டு கிளாஸ்களை வைத்தார். ஒன்றில் 2016இல் அறுவடையான திராட்சையின் ஒயின், மற்றதில் 1996. இரண்டும் பிரான்சின் போர்தோ வட்டாரத்தில், மெதோக் என்ற பகுதியின் ஒயின்கள். இரண்டுமே பெரிய பெயர் இல்லாத தோட்டங்களில் இருந்து வந்தவை.

“தம்பி, முதல் இளசைக் குடியுங்கோ. பிறகு ஒரு துண்டு பாண் சாப்பிட்டிட்டு மற்றதைக் குடியுங்கோ. அவசரப்படாதேங்கோ.”

2016 வாயில் பட்டதும், நாவல்பழம் தின்றால் ஆகுமே, அதேபோல நாக்கும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடித்துக்கொண்டன. பழவாசனை, கொஞ்சம் மரவாசனை, நல்ல கனம். சரி, சிவப்பு ஒயின் என்றால் இதுதான் என்று தோன்றியது. 1996 அப்படி எதுவும் செய்யவில்லை. மெலிதாக, வழுவழுவென்று உள்ளே போனது. மழை ஓய்ந்த தோப்பில் கிடக்கும் இலைகளின் வாசனை, பழைய மரப்பெட்டியைத் திறந்தால் வருகிற வாசனை, அவ்வளவுதான். இதற்கா இத்தனை வருஷம் காத்திருந்தார்கள் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தே அண்ணை கேட்டார்: “துவர்ப்பு எங்க போட்டுது, சொல்லுங்கோ பாப்பம்?”

பழைய சிவப்பு ஒயினைப் பற்றி யாராவது கேட்டால் இப்போது நானும் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கிவிடும்.

துவர்ப்பு விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஒயின் வகுப்புகளில் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சிரமப்படுகிற முதல் பாடமே இதுதான். கசப்பையும் இதையும் அவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். நமக்கு அறுசுவையில் ஒன்றாக அது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. வாழைப்பூ, கொட்டைப்பாக்கு, கடுக்காய், அதிகம் கொதித்துவிட்ட தேநீர் என்று சின்ன வயதிலிருந்தே பழக்கம். இவை எல்லாவற்றிலும் இருக்கிற பொருளின் பெயர் டானின். அது நம் எச்சிலில் இருக்கும் புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. எச்சில்தான் வாய்க்கு எண்ணெய் போட்டது போன்ற வழுவழுப்பைத் தருவது. அதன் புரதம் போய்விட்டால் நாக்கு காய்ந்து சொரசொரப்பாகிறது. அறிவியல்படி துவர்ப்பு சுவை என்பதைவிட ஒரு தொடு உணர்ச்சி. அது இருக்கட்டும், நாம் சுவை என்றே சொல்லுவோம்.

சிவப்பு ஒயினில் இந்த டானின் எங்கிருந்து வருகிறது? திராட்சையின் தோலிலும் கொட்டையிலும் இருந்து. கறுப்புத் திராட்சையைப் பிழிந்தால் பெரும்பாலான வகைகளில் சாறு கிட்டத்தட்ட நிறமில்லாமல்தான் இருக்கும். நிறம் முழுக்கத் தோலில் இருக்கிறது. அதனால் சிவப்பு ஒயினுக்குத் தோல், கொட்டை எல்லாவற்றையும் சாற்றோடு சேர்த்தே புளிக்க வைக்கிறார்கள். நிறம் இறங்கும்போது துவர்ப்பும் சேர்ந்து இறங்குகிறது. பிறகு ஓக் மரப் பீப்பாயில் வைக்கும்போது மரத்திலிருந்தும் கொஞ்சம் சேரும்.

இனி போர்தோவுக்கு வருவோம். பிரான்சின் தென்மேற்கில், அட்லாண்டிக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கரோன், தோர்தோன் என்ற இரண்டு ஆறுகள் அங்கே கூடி, ஜிரோந்த் என்ற அகலமான கழிமுகமாகிக் கடலில் சேர்கின்றன. கடல் பக்கத்தில் இருப்பதால் வானிலையை நம்ப முடியாது. பூக்கும் காலத்தில் மழை, வசந்தத்தில் உறைபனி, அறுவடை நேரத்தில் மறுபடி மழை. 1956 பிப்ரவரியில் அடித்த கடுங்குளிரில் அங்கே ஏராளமான கொடிகள் வேரோடு செத்தன. இப்படிப்பட்ட இடத்தில் ஒரே ஒரு திராட்சையை நம்பி யார் விவசாயம் பண்ணுவார்கள்?

போர்தோ சிவப்பு ஒயின் பெரும்பாலும் பல திராட்சை வகைகளின் கலவை. அந்தக் கலவை பிறந்தது இந்தப் பயத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். மெர்லோ என்ற வகை சீக்கிரம் பழுத்துவிடும். கபர்னே சோவின்யோன் அதற்குப் பிறகுதான் பழுக்கும். தோல் தடிப்பு, பழம் சின்னது, துவர்ப்பு அதிகம். பின்மழை வந்தால் மெர்லோ தப்பிக்கும். மெர்லோ பூக்கும்போது குளிர் அடித்தால் கபர்னே கைகொடுக்கும். மண்ணும் அதற்கு ஏற்ற மாதிரி பிரிந்திருக்கிறது. கழிமுகத்தின் இடக்கரையில், மெதோக் பக்கம், கூழாங்கல் மண். நீர் தங்காது, வெயிலில் சூடேறும், கபர்னே பழுக்கத் தோதான இடம். வலக்கரையில் சேந்த் எமிலியோன், போமரோல் பக்கம் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் அதிகம். அங்கே மெர்லோவின் ராஜ்யம். மொத்தப் போர்தோவிலும் அதிகம் பயிராவது மெர்லோதான். பெயர் வாங்கிக்கொண்டு போவது கபர்னே.

மூன்றாவதாகக் கபர்னே ஃப்ரான். இதன் வாசனைக்காகவே சேர்ப்பார்கள். கபர்னே சோவின்யோனின் பெற்றோரில் ஒன்று இதுதான் என்பது 1990களில் மரபணுச் சோதனையில் தெரிய வந்தது. இன்னொன்று சோவின்யோன் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சை. பெத்தி வெர்தோ என்று ஒன்று உண்டு, பெருங்காயம் மாதிரி. நிறத்துக்கும் காரத்துக்கும் ஒரு சிட்டிகை போதும். மல்பெக்கும் கார்மெனேரும் ஒரு காலத்தில் இங்கே நிறைய இருந்தவை. இப்போது முதலாவதை அதிகமாகப் பார்க்க அர்ஜென்டினாவுக்கும் இரண்டாவதைப் பார்க்கச் சிலிக்கும் போக வேண்டும்.

ஒவ்வொரு வகையையும், பல இடங்களில் ஒவ்வொரு துண்டு நிலத்தின் விளைச்சலையும், தனித்தனியாகப் புளிக்க வைத்துவிட்டு, பிறகு உட்கார்ந்து ருசி பார்த்துக் கலக்கிறார்கள். வருஷத்துக்கு வருஷம் விகிதம் மாறும். லேபிளில் பெரும்பாலும் திராட்சையின் பெயரே இருக்காது. ஊரின் பெயரும் தோட்டத்தின் பெயரும்தான். தோட்டத்தை அங்கே ஷத்தோ என்பார்கள். கோட்டை என்று பொருள், ஆனால் பல ஷத்தோக்கள் சாதாரணப் பண்ணை வீடுகள்தான். கலவை 225 லிட்டர் ஓக் பீப்பாயில் ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ இருக்கும். ஒரு பீப்பாய் என்றால் 300 பாட்டில்.

பாட்டிலுக்குள் போன பிறகு நடப்பதுதான் நம் கதை. இளம் ஒயினில் டானின் துணுக்குகள் தனித்தனியாக மிதக்கின்றன. நிறம் தரும் ஆந்தோசயனின் என்ற பொருளும் அப்படித்தான். வருடங்கள் போகப் போக இரண்டும் ஒன்றோடொன்று கைகோத்து நீளச் சங்கிலிகளாகின்றன. தக்கை வழியாக மிக மிகக் கொஞ்சமாகக் கசியும் காற்றும் இதற்கு உதவுகிறது. அவற்றில் ஒரு பகுதி கரைந்திருக்க முடியாத அளவுக்குப் பெரிதாகி அடியில் படிந்துவிடுகிறது. துவர்ப்பில் ஒரு பங்கு வண்டலாக பாட்டிலின் அடிக்குப் போய்விட்டது; மேலே இருப்பது உருமாறி, நாக்கைப் பிடித்து இழுக்காத துவர்ப்பாகிவிட்டது. அண்ணையின் கேள்விக்கு இதுதான் பதில்.

நிறமும் கூடவே போகிறது. ஊதா கலந்த சிவப்பு முதலில் மாணிக்கச் சிவப்பாகிறது. பிறகு மாதுளை முத்துப் போல, கடைசியில் செங்கல் நிறமாக மாறுகிறது. வாசனையும் அப்படியே. இளமையில் புதுப் பழம்: கருந்திராட்சை, பிளம்ஸ், பிரெஞ்சுக்காரர்கள் காசீஸ் என்று சொல்கிற ஒரு புளிப்புச் சிறுகனி. கபர்னே சரியாகப் பழுக்கவில்லை என்றால் வெட்டிய குடைமிளகாய் வாசனை தூக்கலாக இருக்கும். பீப்பாயிலிருந்து வனிலா, வறுத்த மரம். முதுமையில் பழம் உலர்ந்து பேரீச்சை, உலர் அத்தி பக்கம் போகிறது. கூடவே தோல் செருப்பு, சுருட்டுப் பெட்டி, காளான், ஈர மண். அந்த 1996 கிளாஸில் நான் ‘ஒன்றும் இல்லை’ என்று நினைத்தேனே, அது முழுக்க இந்த மூன்றாவது வகை வாசனைதான். என் மூக்கு அப்போது பழத்தை மட்டுமே தேடிக்கொண்டிருந்தது.

ஆனால் பழசானால் நன்றாகிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். உலகத்தில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு வருடத்தில் குடிப்பதற்காகவே செய்யப்படுவது. சாதாரணப் போர்தோவும் அதில் சேர்த்திதான். அதை இருபது வருடம் வைத்தால் புளிப்பும் பழுப்பு நிறமும்தான் மிஞ்சும். நெடுநாள் தாங்குவதற்கு ஆரம்பத்திலேயே நிறையத் துவர்ப்பு, போதுமான புளிப்பு, இரண்டையும் சுமக்கிற அளவுக்குப் பழச்சத்து மூன்றும் வேண்டும். அது நல்ல நிலத்திலும் நல்ல வருஷத்திலும்தான் அமையும். 1961, 1982, 2005, 2010 போன்றவற்றைப் பற்றி ஒயின்காரர்கள் நம்மூரில் கிரிக்கெட் தொடர்களைப் பேசுவது போலப் பேசுவார்கள். 2013ஐப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேச மாட்டார்கள்.

நிலத்துக்கு மரியாதை 1855இல் எழுத்தில் வந்தது. பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் கேட்க, போர்தோவின் தரகர்கள் மெதோக் தோட்டங்களை ஐந்து படிகளாகப் பிரித்து ஒரு பட்டியல் போட்டார்கள். அவர்கள் பார்த்தது பெரும்பாலும் சந்தை விலையை. முதல் படியில் லஃபீத், லத்தூர், மார்கோ, கூடவே மெதோக்குக்கு வெளியே இருந்த ஓ-ப்ரியோன். நூறு வருடங்களுக்கும் மேல் அந்தப் படிகள் ஏறக்குறைய அசையவே இல்லை. 1973இல் மூத்தோன் ரோத்ஷில்ட் இரண்டாம் படியிலிருந்து முதலுக்கு ஏறியதுதான் பெரிய மாற்றம். இந்தப் பெயர்களை நாம் தெரிந்து வைத்துக்கொண்டு பயன் குறைவு. விலை நம் கைக்கு எட்டாது. படியில் இல்லாத தோட்டங்களிலும், பெரிய தோட்டங்கள் தங்கள் முதன்மை ஒயினில் சேர்க்காததை வைத்துச் செய்யும் ‘இரண்டாவது ஒயின்’களிலும் பதினைந்து வருடத்துக்கு மேலும் தாங்கக்கூடியவை இருக்கின்றன. நான் குடித்த 1996 அந்த ரகம்.

சரி, அப்படி ஒரு பாட்டில் கைக்கு வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் நிமிர்த்தி வையுங்கள். இத்தனை வருஷம் தக்கை காயாமல் இருக்கப் படுக்க வைத்திருப்பார்கள். வண்டல் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் நின்றால் அடிக்கு இறங்கிவிடும். அண்ணை முந்தின நாள் காலையே நிறுத்தி வைத்திருந்தார். திறக்கும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மேலுறையை வெட்டி எடுத்ததும் தக்கையின் தலையில் கறுப்பாகப் பூஞ்சை. நான் முகம் சுளித்தேன். அவர் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, “இது நல்லது தம்பி, நிலவறை ஈரமா இருந்திருக்கு” என்றார். சுழல் கம்பியைப் போட்டால் பழைய தக்கை பொடிந்துவிடும் என்று, இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட ஒரு திறப்பானை எடுத்தார். தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு தகட்டை, பிறகு மற்றதை, இப்படியும் அப்படியுமாக அசைத்து இறக்கினார். பிறகு முறுக்கிக்கொண்டே இழுத்தார். பாதியில் ஒரு நிமிஷம் மூச்சே விடவில்லை. சத்தமில்லாமல் வந்தது. தக்கையின் அடிப்பகுதி மட்டும் கருஞ்சிவப்பாக ஊறியிருந்தது.

அப்புறம் மெழுகுவத்தி. அதைக் கொளுத்தி, பாட்டிலின் கழுத்து சுடருக்கு மேலே வருகிற மாதிரி பிடித்து, ஒரு கண்ணாடிக் குடுவையில் மெதுவாக, நிறுத்தாமல் ஊற்றினார். நடுவில் நிறுத்தி நிமிர்த்தினால் வண்டல் கலங்கிவிடும். ஒயின் முதலில் தெளிவாக ஓடியது. கடைசியில் கழுத்துக்குள் புகை மாதிரி ஏதோ நெளிந்து வந்தது. உடனே நிறுத்திவிட்டார். இரண்டு விரற்கடை பாட்டிலிலேயே தங்கியது. ரசத்தில் தெளிவை இறுத்துக்கொண்டு மண்டியை விடுகிறோம் இல்லையா, அதே வேலை. பழந்தமிழில் தெளிந்த மதுவுக்குத் தேறல் என்றே பெயர். தேறுவது என்றால் தெளிவது. அந்தச் சொல் இதற்கு எவ்வளவு கச்சிதம் என்று அன்றுதான் உறைத்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இளம் ஒயினையும் குடுவையில் ஊற்றுவார்கள், அது காற்றுப் படுவதற்காக. ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் முரட்டுத்தனம் கொஞ்சம் அடங்கி வாசனை விரியும். பழையதை ஊற்றுவது வண்டலைப் பிரிக்க மட்டும். அதற்குக் காற்று எதிரி. ஊற்றியதும் குடிக்கத் தொடங்கிவிட வேண்டும்.

சூடு எவ்வளவு? 16 முதல் 18 டிகிரி. ‘அறை வெப்பநிலையில் பரிமாறவும்’ என்று எழுதியிருப்பதை நம்பி சென்னையில் அப்படியே ஊற்றினால் சாராய நெடிதான் முதலில் ஏறும். அந்த வாக்கியம் கணப்பு சரியாக இல்லாத பழைய பிரெஞ்சு வீடுகளுக்கு எழுதியது. நம்மூரில் அரைமணி முக்கால் மணி ஃப்ரிட்ஜில் வைத்தால்தான் அவர்களுடைய ‘அறை’ வரும். பழைய பாட்டிலை நம்மூர் அலமாரியில் வருடக்கணக்கில் வைப்பதையும் மறந்துவிடுங்கள். 12, 13 டிகிரியில் இருட்டில் மெதுவாக நடக்க வேண்டிய வேதிவினை வெயிலில் வெந்துபோகும்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். காம்பைப் பிடித்து வெள்ளைத் துணிக்கு மேல் சாய்த்துப் பாருங்கள். நடுவைவிட விளிம்பு முக்கியம். விளிம்பு ஊதாவாக இருந்தால் இளசு. ஆரஞ்சு, செங்கல் என்று போனால் வயதானது. கிளாஸைச் சுழற்றியதும் உட்புறம் கண்ணீர்த் துளிகளாக வழியும். அதைப் பார்த்து ‘ஆகா, உசத்தியான சரக்கு’ என்று தலையாட்டுபவர்கள் உண்டு. அதற்கும் தரத்துக்கும் சம்பந்தமில்லை. ஆல்கஹால் முதலில் ஆவியாவதால் பரப்பு இழுவிசை மாறி ஒயின் மேலே ஏறி வழிகிறது, அவ்வளவே. ஜேம்ஸ் தாம்சன் என்ற பொறியியலாளர் இதை விளக்கி எழுதிய வருடமும் 1855தான் என்பது எனக்குப் பிடித்த தற்செயல்.

சுழற்றுவதற்கு முன்னால் ஒருமுறை மோந்து பாருங்கள். பழைய ஒயினின் மெல்லிய வாசனைகள் அப்போதுதான் அகப்படும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை மட்டுமே அடித்தால் தக்கை கெட்டுவிட்டது. தப்பு உங்கள் மூக்கில் இல்லை. பிறகு லேசாகச் சுழற்றி மறுபடி. என்ன வாசனை என்று பிறர் எழுதியதை ஒப்பிக்க வேண்டியதில்லை. காசீஸை நான் பழமாகப் பார்க்கும் முன்பே அந்தச் சொல்லைப் பல தடவை உபயோகித்திருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. நாவல்பழம் என்று தோன்றினால் நாவல்பழம் என்றே சொல்லுங்கள்.

இன்னொன்று, உங்கள் கண்ணை நம்பாதீர்கள். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், போர்தோவிலேயே ஒயின் படித்த 54 மாணவர்களுக்கு, வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்புப் பழங்களின் சொற்களால் விவரித்தார்கள். படித்தவர்களுக்கே அந்தக் கதி என்றால் நாம் தயங்க வேண்டியதே இல்லை.

இப்போது ஒரு வாய். உடனே விழுங்காமல் பத்து நொடி நாக்கில் உருட்டுங்கள். ஓரங்களில் நீர் ஊறினால் புளிப்பு. ஈறும் கன்னமும் காய்ந்தால் துவர்ப்பு. அது எப்படிக் காய்கிறது என்று பாருங்கள்: பச்சை வாழைக்காய்த் தோலைக் கடித்தது போலவா, நன்றாகப் பழுத்த நாவல் போலவா, வெறும் பட்டுத்துணி உரசியது போலவா? விழுங்கிய பிறகு வாசனை எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுங்கள். அந்த நொடிக்குப் பிரெஞ்சில் கோதலி என்று ஓர் அளவே வைத்திருக்கிறார்கள். மெலிந்து தெரிந்த அந்த 1996ஐ அண்ணை சொல்லி எண்ணிப் பார்த்தேன். பதினொன்று வரை நின்றது. தடித்தடியாக வந்த 2016 ஏழில் முடிந்துவிட்டது. என் கருத்து மாறத் தொடங்கியது அங்கேதான்.

தொட்டுக்கொள்ள? இளசுக்குக் கொழுப்பும் உப்பும் உள்ள இறைச்சி, முற்றிய சீஸ். டானின் எச்சிலை விட்டுவிட்டு இறைச்சியின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். உப்பு, நாவல்பழத்துக்குச் செய்யும் அதே வேலையைச் செய்யும். பழையதுக்கு அடக்கமாக ஏதாவது: உப்பு மட்டும் போட்டுச் சுட்ட ஆட்டிறைச்சி, காளான் வதக்கல். மிளகாய் வேண்டவே வேண்டாம். காரமும் ஆல்கஹாலும் ஒன்றையொன்று தூண்டிவிட, பாவம், நடுவில் அந்தக் கிழ ஒயின் காணாமல் போய்விடும். யாழ்ப்பாணத்து வீட்டில் அன்று கறித்தூளே போடாமல் சமைத்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 750 மில்லி பாட்டில் ஆறேழு பேருக்குத் தாராளம். ருசி பார்ப்பதற்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

சாப்பாட்டுக்கு நடுவே நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். 1996இல் கடைசி இரண்டு வாயைக் குடிக்காமல், முடிவில் ரசிக்கலாம் என்று கிளாஸிலேயே வைத்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்தால் வாசனையே இல்லை. தண்ணீர் கலந்த புளிப்பு மாதிரி ஏதோ ஒன்று. பக்கத்தில் 2016 முன்னைவிட மணத்துக்கொண்டு இருந்தது. அண்ணை சிரித்தார்.

“நான் அப்பவே சொல்லியிருக்க வேணும், அதை மிச்சம் வைக்காதேங்கோ எண்டு.”